தூசிக்கு நான் எழுதிய சிம்ம ராசி

என் கையெழுத்தில் இந்த ஊரில் ஆயிரத்துச் சொச்சம் நாய்கள் பிறந்திருக்கின்றன. பெருமைக்குச் சொல்லவில்லை, வேலை அப்படி. மிருக ஆஸ்பத்திரியில் தடுப்பூசி அட்டை எழுதுகிறவள் நான். வாசலுக்கு நேரே ஒரு கண்ணாடித் தடுப்பு, அதில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை, அதற்குப் பின்னால் நான், ஒரு பேனா, ஒரு ரப்பர் முத்திரை. சாக்கடையிலிருந்து இழுத்ததை, பாலத்தடியில் அட்டைப்பெட்டியில் கிடந்ததை எல்லாம் தூக்கிக்கொண்டு வருவார்கள். டாக்டரம்மா உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்து, "எட்டு மாசம் இருக்கும்" என்பார். அதோடு அவர் வேலை முடிந்தது. அட்டையில் 'பிறந்த தேதி' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதைக் காலியாக விட்டால் மேலிடத்திலிருந்து அட்டை திரும்பி வந்துவிடும். ஆகவே எட்டு மாதம் பின்னால் எண்ணி, பதினைந்தாம் தேதி என்று போட்டுவிடுவேன். பதினான்கு வருடமாக இந்த ஊரின் அநாதை நாய்கள் எல்லாம் பதினைந்தாம் தேதிதான் பிறந்தன. ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை.

போன வருடம்தான் கேட்க ஆரம்பித்தார்கள். போன் வீடியோக்களில் ஒரு ராசிக்காரம்மா வந்து குந்திக்கொண்டாள். நாயை அதன் ராசிப்படி வளர்க்கவேண்டுமாம். மேஷ நாயை விடியுமுன் ஓடவிட வேண்டும், மிதுன நாயோடு தினம் ஒரு மணி நேரம் வாய் ஓயாமல் பேச வேண்டும், ரிஷப நாயின் தட்டை மாற்றினால் குடி முழுகிவிடும். நட்சத்திரம், பாதம் என்றெல்லாம் குழப்பமாட்டாள். "அதெல்லாம் மனுஷங்களுக்கு. நாய்க்கு இங்கிலீஷ் தேதி போதும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அவ்வளவுதான், ஊரே என் ஓட்டைக்கு முன்னால் வந்து நின்றது. "தேதி கரெக்டா சொல்லுங்க மேடம், கடகமா சிம்மமான்னு தெரியணும்."

முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகுதான் என் கையில் என்ன இருக்கிறது என்பது உறைத்தது. வரிசையில் நிற்காமல் கையை நீட்டி விரலைச் சொடுக்கி என்னைக் கூப்பிட்ட ஒரு பெண்ணின் நாயை மேஷத்தில் பிறக்க வைத்தேன். இரண்டே மாதத்தில் முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு வந்தாள். "உனக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது?" என்று கத்திய கட்டிட மேஸ்திரிக்கு ஒரு மிதுனம் கொடுத்தேன். பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போய், அடுத்த தடவை சைகையில் டோக்கன் கேட்டார். நாய்களுக்கு ஒரு குறையும் இல்லை. அதில் நான் கவனமாக இருந்தேன். தண்டனை எஜமானுக்கு மட்டும்தான்.

இதெல்லாம் கைப்பழக்கம். நிஜமான எதிரி பிறகுதான் வந்தான்.

என் பழைய புருஷனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பதினோரு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். பிறகு அவன் வேறொருத்தியைப் பார்த்துக்கொண்டான். விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே 'நீங்க'வை வாபஸ் வாங்கி, 'நீ'யில் இறக்கிவிட்டேன். அவன் போனதற்கு நான் நான்கு நாள் அழுதேன், ஐந்தாம் நாள் நிறுத்திவிட்டேன். அவன் தூசியைக் கொண்டுபோனதற்குத்தான் அழுகை நிற்கவில்லை.

தூசி என் நாய். ஆஸ்பத்திரிப் பின்கட்டில் பெருக்கிக் குவித்த குப்பையிலிருந்து எழுந்து வந்ததால் அந்தப் பெயர். சாம்பல் நிறம், ஒரு காது நிற்கும், ஒரு காது படுக்கும். இரண்டு வாரம் பஞ்சில் பால் நனைத்து ஊட்டி வளர்த்தேன். இரவு என் பாதத்தின்மேல் தலையை வைத்துத்தான் தூங்கும். அவன் ஒரு நாள்கூட அதை வெளியே கூட்டிப்போனதில்லை. 'சனியன்' என்பதுதான் அவன் அதற்கு வைத்திருந்த பெயர். ஆனால் அட்டையில் உரிமையாளர் கட்டத்தில் அவன் பெயரைப் போட்டு வைத்திருந்தேன், நானே, என் கையால். புருஷன் பெயரைத் தடவித் தடவி எழுதுகிற பைத்தியக்காரத்தனம் எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. போகும்போது அதைச் சொல்லித்தான் இழுத்துக்கொண்டு போனான்.

"உனக்கு எதுக்கு அது? நீ அதுக்கு ஒரு வாய் சோறு போட்டதில்ல," என்று கேட்டேன்.

"எனக்கு வேணாம்தான். உனக்கு வலிக்கணும்ல," என்றான்.

இப்படி வாய்விட்டுச் சொன்னவனை நான் சும்மா விடுவேனா? அட்டையை மட்டும் கொடுக்கவில்லை. என் அலமாரியில் துணிகளுக்கு அடியில் செருகி வைத்துக்கொண்டேன். அட்டை இல்லாமல் ஊசி போட முடியாது, ஊசி போட இந்த ஒரு ஆஸ்பத்திரியை விட்டால் வேறு இடமும் கிடையாது. என்றைக்காவது என் ஓட்டைக்கு முன்னால் வந்துதான் ஆகவேண்டும் என்று எட்டு மாதம் காத்திருந்தேன்.

வந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டம் குறைந்த நேரம். அவள் முன்னால், கையில் கயிறு. அவன் பின்னால், கதவோரம் நின்று, குடற்புழு பற்றிய சுவரொட்டியைப் பரீட்சைக்குப் படிப்பவன் மாதிரி படித்துக்கொண்டிருந்தான். தூசி என்னைப் பார்த்த கணம் கயிற்றை இழுத்துக்கொண்டு பாய்ந்தது. பின்னங்கால்களில் எழுந்து, ஓட்டைக்குள் மூக்கை நுழைத்து, என் பேனாவை, விரலை, மணிக்கட்டை எல்லாம் நக்கித் தள்ளியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கண்ணீர் அட்டையில் விழுந்தால் மை கரைந்துவிடும்.

"அக்கா, வெறிநாய்க்கடி ஊசி போடணும். அட்டை அவர் உங்க வீட்லயே விட்டுட்டு வந்துட்டாராம்," என்றாள்.

அக்காவாம்! என் புருஷனைக் கூட்டிக்கொண்டு போனவளுக்கு நான் அக்கா. அவளைவிட எனக்கு மூன்று வயது அதிகமாக இருக்கலாம். அதுவும் சந்தேகம்தான்.

"அது எங்கயோ போச்சு. புதுசு எழுதித் தரேன்," என்றேன்.

"பிறந்த தேதி மட்டும் சரியாப் போடுங்கக்கா. ராசி பாக்கணும். நான் அதெல்லாம் ரொம்ப நம்புவேன்."

பேனாவைத் திறந்தேன். பழைய அட்டையில் மார்ச் பதினைந்து இருந்தது, மற்ற எல்லா அநாதைகளையும் போல ஒரு பதினைந்து. அதையே எழுதியிருக்கலாம். ஆனால் ராசிக்காரம்மாவின் அட்டவணை எனக்கு அப்போது மனப்பாடம். சிம்ம நாய் வீட்டுக்குத் தலைவன். அது உட்காரும் இடத்தைவிட உயரத்தில் வீட்டு ஆண்கள் உட்காரக் கூடாது. அது சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் தட்டைத் தொடலாம். அதன் முன்னால் குரலை உயர்த்தக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கும்ப ராசிக்காரரோடு சிம்ம நாய் ஒரு கூரையின்கீழ் வாழாது. வைத்தால் மூன்று மாதத்தில் இரண்டில் ஒன்று படுக்கையில் விழும், பிரித்துவிடுவதே நல்லது. அவன் பிப்ரவரி இரண்டாம் தேதி பிறந்தவன். பதினோரு வருடம் எல்லாப் படிவங்களையும் நிரப்பியவளுக்கு அதுகூடத் தெரியாதா? ராசிக்காரம்மாவின் தேதிக் கணக்கில் அவன் அசல் கும்பம்.

ஆகஸ்ட் ஐந்து என்று எழுதினேன். முத்திரையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினேன். சுவரொட்டி படித்துக்கொண்டிருந்தவன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

என் கணக்கு சுலபமானது. முதலில் அவன் தன் வீட்டில் நாய்க்குக் கீழே உட்காருவான். பிறகு அவள் பயந்துபோய் நாயைப் பிரித்து அனுப்புவாள். எங்கே அனுப்புவாள்? வளர்த்தவளிடம்தான். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஊசி போட்டு முடித்து வெளியே வந்தவள் பெஞ்சில் உட்கார்ந்து போனையும் அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். எழுந்து என் ஓட்டைக்கு முன் வந்து, "அக்கா, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்து, மறுபடி அட்டையைப் பார்த்து, "இல்ல, ஒண்ணுமில்ல," என்று கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். விஷம் ஏறுகிறது என்று எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம்.

அதன்பின் வாரம் தவறாமல் போன் வந்தது. ஆஸ்பத்திரி போனை எடுப்பதும் நான்தானே.

"அக்கா, சிம்ம நாய் சோபாவுல படுத்துக்குது. அவர் எங்க உட்காரணும்?"

"தரையிலதான்மா. பாய் போட்டுக்கலாம், தப்பில்ல."

"நேத்து கிரிக்கெட் பாக்கும்போது கத்திட்டார். அது எழுந்து உள்ள போயிடுச்சு."

"அச்சச்சோ. மன்னிப்புக் கேக்கச் சொல்லு. வாயால சொன்னாப் போதாது, குனிஞ்சு கேக்கணும்."

இது அட்டவணையில் இல்லை. என் சொந்தச் சரக்கு. மறுவாரம் அவள் சொன்னாள், கேட்டாராம், குனிந்து. போனை வைத்துவிட்டு மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். இந்த ஆள்தான் சட்டையில் ஒரு சுருக்கம் இருந்தால் தட்டை எறிந்தவன். இப்போது தூசி கடைசிப் பருக்கையை நக்கி முடிக்கும்வரை ஆறிப்போன சோற்றுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். நான் அவ்வளவு நேரம் நிற்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே முடித்தேன்.

இன்னொரு பக்கம் வீட்டைத் தயார் செய்தேன். நான் இருப்பது மாடியில் ஒற்றை அறை. நாய் வைக்கக் கூடாது என்று வீட்டுச் சொந்தக்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார். அவரிடம் போய்ப் பல்லைக் காட்டி, கெஞ்சி, படியில் குரைக்காது என்று சத்தியம் செய்து சம்மதம் வாங்கினேன். தூசியின் பழைய கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவினேன். கட்டிலுக்குக் கீழே புதுப் பாய் போட்டேன். அதில் படுக்காது, என் காலில்தான் படுக்கும் என்று தெரியும். இருந்தாலும் போட்டேன். இரவில் தூக்கத்தில் காலை நீட்டும்போது வெறும் போர்வை தட்டுப்படும். இன்னும் கொஞ்ச நாள்தான் என்று சொல்லிக்கொண்டு திரும்பிப் படுப்பேன்.

பத்தாவது வாரம் அவள் குரல் மாறியிருந்தது.

"அக்கா, அவருக்கு ஒரு வாரமா இருமல். கும்பமும் சிம்மமும் சேரக்கூடாதுன்னு போட்டிருக்கு. நிஜமா?"

இருமலுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. தரையிலேயே உட்கார்ந்து கிடந்ததால் வந்திருக்கும். ஆனால் வலிய வந்த சீதேவியைக் காலால் உதைப்பார்களா?

"நான் சொல்லக் கூடாதுன்னு பாத்தேன்," என்று பெருமூச்சு விட்டேன். "ஏதாவது ஒண்ணு வீட்டை விட்டுப் போறதுதான்மா நல்லது. சீக்கிரமா."

"சரிக்கா. இன்னைக்கே முடிவு பண்ணிடறேன்."

மறுநாள் காலையில் தலையை ஒழுங்காகச் சீவிக்கொண்டு வேலைக்குப் போனேன். பையில் தூசிக்குப் பிடித்த பிஸ்கட் பொட்டலம். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் நிமிர்ந்து பார்த்தேன். பூனை வந்தது, கிளி வந்தது, கால் உடைந்த ஆட்டுக்குட்டி வந்தது. பதினொரு மணிக்குக் கதவு திறந்தது. அவன் வந்தான். கையில் கயிறு இல்லை, ஒரு பெரிய துணிப்பை இருந்தது. பையின் வாயில் ஷேவிங் டப்பா எட்டிப் பார்த்தது.

ஓட்டைக்கு முன்னால் வந்து குனிந்தான். பத்து வாரத்தில் குனிவது அவனுக்கு நன்றாகவே பழகியிருந்தது.

"என்னை வெளிய அனுப்பிட்டா," என்றான்.

நான் அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். "நாய் எங்க?"

"நாய் அங்கதான் இருக்கு. நான்தான் வெளிய. ரெண்டுல ஒண்ணு போகணும்னு சொன்னா. நாயை அனுப்புன்னேன். சிம்ம நாயைக் கைவிட்டா ஏழு வருஷம் எழுந்திருக்க முடியாதாம், வச்சுக்கிட்டா வீட்டுப் பொம்பளை நினைச்சதெல்லாம் நடக்குமாம். முழுப் பலன்ல போட்டிருக்காம்."

முழுப் பலனா? இலவசமாகக் கிடைத்த வீடியோக்களைத்தான் நான் பார்த்திருந்தேன். கேட்டு வாங்குகிறவர்களுக்கு மட்டும் ராசிக்காரம்மா தனியாக அனுப்பும் தாள் ஒன்று இருந்தது. அதை நான் கண்ணால்கூடக் கண்டதில்லை. பாதியைப் படித்துவிட்டு முழுசாகப் பழிவாங்கக் கிளம்பியிருக்கிறேன்.

ஆனாலும் அந்த நிமிடம் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாயா நீயா என்று வந்தபோது நாய் என்று சொல்லிவிட்டாள்! நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். முதல்முறையாக அவள்மேல் ஒரு மரியாதைகூட வந்தது. பெஞ்சில் இருந்த கிளிக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன்.

"சிரி, நல்லா சிரி. இது உன் வேலைதான்னு எனக்குத் தெரியும்," என்றான். "தேதியெல்லாம் நீ குத்துமதிப்பா போடறதுன்னு எனக்குத் தெரியாதா? பதினஞ்சு பதினஞ்சுன்னு நீதானே வீட்ல வந்து சொல்லிச் சிரிப்ப. அவகிட்ட சொன்னேன், நம்ப மாட்டேங்கறா. அரசாங்க முத்திரை இருக்குன்றா."

"அப்படின்னா அதுதான் சரி."

"உனக்கு என்ன கிடைச்சுது இதுல?"

"நீ அன்னைக்குச் சொன்னியே, அது. உனக்கு வலிக்கணும்ல."

அவன் துணிப்பையைக் கீழே வைத்தான். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

"அடிப் பாவி. அன்னைக்கு எதுக்கு வந்தோம்னு நினைச்ச? அதை உன்கிட்ட விட்டுட்டுப் போகத்தான் வந்தோம். ராத்திரி முழுக்க வாசல்லயே படுத்துக்கிட்டு ஊளை. எனக்கும் தூக்கம் இல்ல, அவளுக்கும் தூக்கம் இல்ல. அக்காகிட்டயே குடுத்துடலாம்னு அவதான் சொன்னா. ஊசி போட்டுக் குடுத்தா மரியாதையா இருக்கும்னு முதல்ல ஊசிக்கு நின்னோம். குடுக்கறதுக்கு முன்னாடி ராசியும் பாத்துடறேன்னா. நீ என்னத்தையோ எழுதின. அதைப் படிச்சுட்டு அவ மனசு மாறிட்டா."

'அக்கா, ஒரு விஷயம்' என்று அவள் ஆரம்பித்ததும், வாயை மூடிக்கொண்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். இந்த ஆள் பொய் சொல்கிறவன்தான். ஆனால் பொய் சொல்லும்போது இவன் கழுத்தைச் சொறிவான். இப்போது சொறியவில்லை.

போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"இதோ பாரும்மா, அந்தத் தேதி பொய். நான் வேணும்னே எழுதினேன். தூசி சிம்மம் இல்ல. அது என்ன ராசின்னு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். நீ அதை என்கிட்ட குடுத்துடு. உனக்கு ஒரு கெடுதலும் வராது."

மெதுவாக, "அவர் அங்க வந்திருக்காரா?" என்று கேட்டாள்.

"வந்திருக்கான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. பழைய அட்டை என்கிட்ட இருக்கு, அதுல மார்ச் மாசம் போட்டிருக்கு. கொண்டுவந்து காட்டறேன்."

"அதையும் நீங்கதானேக்கா எழுதியிருப்பீங்க?"

பதினான்கு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி அது.

"அக்கா, உங்க மனசு எனக்குப் புரியுது," என்றாள். "உங்களுக்கு அவ்வளவு கெடுதல் செஞ்சவர். அவர் தெருவுல நிக்கறதைப் பாத்ததும் அவருக்காகப் பொய் சொல்ல வந்துட்டீங்க பாருங்க. இன்னும் அவர் மேல பாசம் இருக்கு உங்களுக்கு. உங்களை மாதிரி நல்லவங்களை நான் பாத்ததே இல்ல."

"பாசமா? எனக்கா? இவன் மேலயா? நான் சொல்றதைக் கேளு..."

"வேணாம்க்கா. அதுவும் இப்ப நல்லாப் பழகிடுச்சு. ஊளையெல்லாம் நின்னுடுச்சு. ராத்திரியில என் கால் மேல தலையை வச்சுத் தூங்குது."

போன் வைக்கப்பட்டது. நான் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிளிக்காரர் டோக்கனை நீட்டி, "என் நம்பர் வந்துடுச்சாம்மா?" என்று கேட்டார். அவருக்குத் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா, எனக்கே தெரியாது.

"என்ன சொன்னா?" என்று அவன் ஓட்டைக்குள் முகத்தைக் கொண்டுவந்தான்.

"உன்னைத் திரும்பச் சேத்துக்க மாட்டாளாம்," என்றேன்.

அவன் முகம் தொங்கிப்போனது. அந்த முகம் அப்படித் தொங்குவதைப் பார்க்கத்தான் இத்தனை மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நன்றாகப் பார்த்தேன். தூசி யார் காலில் தூங்குகிறது என்பதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. அது அவனுக்கு வலிக்காது.